கறி உறைச்சுப் போச்சா? மீட்டெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்து வீடுகளில் சமைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் நாலு பேருக்குக் காணுமான ஒரு சட்டிக் கறிக்கு உரியவை. தேக்கரண்டி 5 மி.லீ., மேசைக்கரண்டி 15 மி.லீ., கப் 250 மி.லீ.

கறியில தூள் கூடிட்டுது. விழுந்த உறைப்பைத் திரும்ப வெளியில எடுக்க ஏலுமா?

பெரும்பாலும் ஏலாது. மிளகாயை உறைக்க வைப்பது கப்சைசின் என்ற பொருள். கறிச்சட்டியின் கொதியில் அது அழியாது, ஆவியாகியும் போகாது. "இன்னும் கொஞ்சம் கொதிச்சா சரியாகிடும்" என்று அடுப்பில் விட்டால் தண்ணீர்தான் வற்றும். மிச்சக் குழம்பு இன்னும் உறைக்கும்.

வெளியில் எடுக்கக்கூடியவை இரண்டே இரண்டு. ஒன்று, முழுதாகவோ கீறியோ போட்ட மிளகாய்கள். மற்றது, மேலே மிதக்கும் சிவந்த எண்ணெய். கப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் அந்த எண்ணெயில் உறைப்பு செறிந்து நிற்கும். மற்றபடி நமக்குள்ள வழிகள்: கறியின் அளவைக் கூட்டி உறைப்பை ஐதாக்குவது, பாலும் கொழுப்பும் சேர்த்து அதன் முனையை மழுக்குவது, இனிப்பாலும் புளிப்பாலும் நாக்கைச் சமாளிப்பது. இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். சீனியில் தொடங்குகிறவர்கள் இனித்தும் உறைத்தும் கிடக்கும் ஒரு கறியோடு நிற்பார்கள்.

சரி, தெரிஞ்ச உடனே முதல்ல என்ன செய்யோணும்?

அடுப்பை நிப்பாட்டுங்கள். கிளறாமல் ஐந்து நிமிடம் விட்டால் எண்ணெய் மேலே வந்து படியும். சட்டியைச் சற்றுச் சரித்து, தட்டையான கரண்டியால் அதை அள்ளி எடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போனாலே வித்தியாசம் தெரியும். அதைக் கொட்ட வேண்டாம். முட்டை பொரிக்கவோ கிழங்கு பிரட்டவோ உதவும். மிளகாய்த் துண்டுகளையும் இப்போதே பொறுக்குங்கள், அவை குழம்பில் கிடக்கும் வரை உறைப்பை விட்டுக்கொண்டே இருக்கும்.

பிறகு ருசி பாருங்கள், ஆனால் வெறும் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கி அல்ல. ஒரு பிடி சோற்றோடோ இடியப்பத்தோடோ சாப்பிட்டுப் பாருங்கள். தனியாக நெருப்பாய்த் தெரிகிற கறி சோற்றோடு சரியாகவே இருக்கலாம். அப்போதும் கூடத்தான் என்றால், கறியில் பாதியை வேறு சட்டிக்கு மாற்றி, அந்தப் பாதியில் மட்டும் திருத்தத்தைத் தொடங்குங்கள். பிழைத்தாலும் மற்றப் பாதி கையில் இருக்கும்.

உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டா உறைப்பை எல்லாம் உறிஞ்சிடும் எண்டு சொல்லுறாங்களே?

உறிஞ்சாது. கிழங்கு தன்னைச் சுற்றியுள்ள குழம்பை அப்படியே குடிக்கும்; அதற்குள் இருக்கும் உறைப்பை மட்டும் பிரித்தெடுக்க அதற்குத் தெரியாது. ஆகவே கிழங்கைப் போட்டு, வெந்ததும் எடுத்து எறிந்தால் குழம்பும் குறையும், மிச்சம் அதே உறைப்போடுதான் இருக்கும்.

ஆனால் கிழங்கைக் கறியிலேயே விட்டுவிட்டால் பயன் உண்டு, ஏனென்றால் கறியின் அளவு கூடுகிறது. இரண்டு நடுத்தரக் கிழங்கை உப்பில்லாமல் தனியாக அவித்து, ஒன்றைத் துண்டாக்கியும் மற்றதை மசித்தும் சேர்த்து, ஐந்து நிமிடம் மெல்லிய நெருப்பில் விடுங்கள். மசித்தது குழம்பைத் தடிப்பாக்கி உறைப்பு நாக்கில் சட்டென்று படாமல் பார்த்துக்கொள்ளும். ஈரப்பலாக்காய், பலாக்கொட்டை, அவித்த முட்டை எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

தேங்காய்ப்பால் எவ்வளவு விடலாம்? நான் விட்டா எப்பவும் திரைஞ்சு போகுது.

முதற்பாலில் அரைக் கப்பில் தொடங்கி, ருசி பார்த்து, ஒரு கப் வரை போகலாம். அதற்கு மேல் போனால் அது வேறு கறி. இரண்டாம், மூன்றாம் பாலில் கொழுப்பு குறைவு. அவை ஐதாக்க உதவும், முனையை மழுக்க முதற்பால்தான் வேண்டும். தேங்காய்ப்பால் மா என்றால் நிரம்ப எடுத்த மூன்று மேசைக்கரண்டி மாவை அரைக் கப் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். மாவை நேரே கறியில் தூவினால் கட்டி கட்டியாகும்.

திரைவதற்குக் காரணம் பெரும்பாலும் பலத்த கொதி. கறியை இறக்கிச் சற்று ஆற விட்டு, ஒரு அகப்பை சூடான குழம்பைப் பாலில் கலந்து, பிறகு அந்தப் பாலைச் சட்டியில் விடுங்கள். ஆக மெல்லிய நெருப்பில், மூடாமல், ஒரே பக்கமாகத் துழாவி, ஓரத்தில் குமிழி வரத் தொடங்கும்போதே இறக்குங்கள். அப்படியும் திரைந்தால் கறி பழுதில்லை, பார்வைக்குத்தான் வடிவில்லை.

ஒரு விஷயம்: கடைத் தேங்காய்ப்பால் மா சிலவற்றில் பசுப்பாலின் புரதமும் சேர்ந்திருக்கும். வீட்டில் பால் ஒவ்வாதவர் இருந்தால் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசித்த பிறகே பாவியுங்கள்.

தேங்காய் விலைக்கு எங்க போறது! பசுப்பாலோ தயிரோ விட்டா சரிவராதா?

சரிவரும்; உறைப்பைத் தணிப்பதில் மாட்டுப்பாலுக்கு ஒரு கூடுதல் வசதியே உண்டு. அதிலுள்ள கேசீன் என்ற புரதம் கப்சைசினைப் பற்றிக்கொள்ளும். தேங்காய்ப்பாலில் அந்தப் புரதம் இல்லை. கோழி, முட்டை, கிழங்குக் கறிகளுக்கு இரண்டு மேசைக்கரண்டி பால்மாவை அரைக் கப் தண்ணீரில் கரைத்து விடலாம்.

தயிர் கோழிக்கும் ஆட்டிறைச்சிக்கும் நன்றாகப் பொருந்தும். சீனி சேராத தயிரில் மூன்று மேசைக்கரண்டியை மா போல அடித்து, இறக்கிய கறியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். மீன், இறால், நண்டுக்குத் தயிர் வேண்டாம், ருசி கெடும். பழப்புளி விட்ட கறியில் பசுப்பாலும் வேண்டாம். புளி பட்டதும் திரைந்துவிடும்.

சீனி போட்டா உறைப்பு போகும்தானே? எவ்வளவு போடலாம்?

போகாது, இனிப்பு அதை நாக்குக்குக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். அரைத் தேக்கரண்டி போட்டு இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒன்றரைத் தேக்கரண்டிதான் எல்லை. இனிப்பு என்று தனியாகத் தெரியத் தொடங்கினால் தாண்டிவிட்டீர்கள்.

சீனியைவிடப் பொன்னிறமாக வதக்கிய பெரிய வெங்காயத்தையே நாங்கள் விரும்புவோம். ஒரு பெரிய வெங்காயத்தை மெல்லிதாக வெட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் மெதுவாக வதக்கி அரைத்துச் சேர்த்தால் இனிப்பும் வரும், குழம்பும் கூடும், சீனி போட்டதென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

தேசிக்காய் விட்டா உறைப்பு குறையுமா, கூடுமா?

சிலருக்கு இரண்டும் நடக்கும். புளிப்பு கப்சைசினை முறிக்காது. மந்தமான, கொழுப்பான கறியில் அது ருசியைப் பிரித்துக்காட்டி உறைப்பை மறக்கச் செய்யும். ஏற்கெனவே பழப்புளியோ கொறுக்காப்புளியோ உள்ள கறியில் இன்னும் புளி சேர்த்தால் எரிவோடு எரிவு சேரும். வாய்ப்புண் உள்ளவர் சாப்பிடுவதென்றால் இந்த வழியே வேண்டாம்.

விடுவதென்றால் தேங்காய்ப்பால் விட்ட பிறகு, கறியை இறக்கி வைத்து, அரைத் தேசிக்காய்ப் புளி மட்டும். அதற்குப் பிறகு கொதிக்க வைக்கக் கூடாது.

எல்லாம் சேர்த்த பிறகு கறி சப்பெண்டு இருக்கு. உப்பு எப்ப போடோணும்?

ஆகக் கடைசியில். ஐதாக்கும்போது உப்பும் மணமும் சேர்ந்தே ஐதாகும். ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வறுத்த பெருஞ்சீரகத்தூள், கை நிறையக் கறிவேப்பிலையும் ரம்பைத் துண்டும் தாளித்த ஒரு தேக்கரண்டி எண்ணெய், இவை போதும். மணத்துக்காக மறுபடி கறித்தூளில் கைவைக்க வேண்டாம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஒரு சமையல் குறிப்பில சொன்ன அளவுதான் போட்டன். பிறகெப்படி இவ்வளவு உறைப்பு?

கொழும்பில் இந்தப் பிழை நடக்க ஒரு தனிக் காரணம் உண்டு. இங்கே கடையில் "கறித்தூள்" என்று எழுதி விற்பவற்றில் பல சிங்களச் சமையல் முறைக்கான துணபஹ வகை: மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் முதலியவை, மிளகாய் இல்லை. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் செத்தல் மிளகாயையும் சேர்த்து வறுத்துத் திரிப்பது. முதலாவதை மனத்தில் வைத்து எழுதிய குறிப்பு "இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள், ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள்" என்று சொல்லும். வீட்டிலிருக்கும் யாழ்ப்பாணத் தூளை அதே அளவில் போட்டு மிளகாய்த்தூளையும் சேர்த்தால் மிளகாய் இரண்டு முறை விழுகிறது. யாழ்ப்பாணத் தூள் போடும் கறிக்குத் தனி மிளகாய்த்தூள் தேவைப்படாது.

ஊரிலிருந்து புதிதாகத் திரித்து வந்த தூள், ஆறு மாதம் போத்தலில் கிடந்த தூளைவிடக் கடுமையாக இருக்கும். புதுப் போத்தல் திறந்த அன்று வழமையான அளவில் முக்கால்வாசி போட்டுப் பாருங்கள்.

தூள் இரண்டு மடங்கு விழுந்திட்டுது. தேங்காய்ப்பால் விட்டும் அடங்கேல்ல. இனி?

அந்த அளவுக்கு ஐதாக்கல் ஒன்றுதான் வழி. கணக்கு எளிது. 500 கிராம் கோழிக்கு 2 மேசைக்கரண்டி போட வேண்டிய இடத்தில் 4 விழுந்திருந்தால், அது 1 கிலோ கோழிக்கான தூள். 3 விழுந்திருந்தால் 750 கிராமுக்கு. குறையும் இறைச்சியைத் தூளில்லாமல் சமைத்துச் சேருங்கள். இறைச்சி இல்லாவிட்டால் அதே நிறைக்குக் கிழங்கு, முட்டை, அவித்த கடலை.

சேர்ப்பதற்குக் குழம்பும் வேண்டும். இரண்டு பெரிய வெங்காயம், ஒரு தக்காளி, ஒரு தேக்கரண்டி இஞ்சி உள்ளி அரைத்தது, அரைத் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தூள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பத்து நிமிடம் வதக்கி, ஒரு கப் இரண்டாம் பால் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இதையும் இறைச்சியையும் உறைத்த கறியோடு சேர்த்துப் பத்து நிமிடம் மெல்லிய நெருப்பில் வைத்தால் இரண்டும் ஒன்றாகும். வறுத்த தூள் கூடினால் உறைப்போடு ஒரு கைப்பும் வரும். அந்தக் கைப்புக்கும் இதைவிட நல்ல மாற்று இல்லை.

மீன் குழம்பு உறைச்சுப் போச்சு. கிளறினா மீன் எல்லாம் உடைஞ்சிடுமே?

முதலில் மீன் துண்டுகளைத் தட்டையான கரண்டியால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டில் வையுங்கள். திருத்தம் முழுவதும் குழம்புக்குத்தான். குழம்பில் கால்வாசியை வேறு பாத்திரத்துக்கு எடுத்துவிட்டு, அதற்குச் சமமாக முதற்பால் விட்டு, மேலே சொன்னபடி திரையாமல் சூடாக்குங்கள். பிறகு மீனை இறக்கி, துழாவாமல் சட்டியைப் பிடித்து இரண்டு தரம் அலசுங்கள்.

கிழங்கைவிட மீனுக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் பொருத்தம். உப்பில்லாமல் தனியாக வேகவைத்துச் சேருங்கள். இறாலும் கணவாயும் இரண்டாம் முறை கொதித்தால் இறப்பர் போலாகும், ஆகவே அவற்றையும் இப்படியே வெளியில் எடுத்து வைப்பது முக்கியம்.

ஆட்டிறைச்சிப் பிரட்டல். குழம்பே இல்லை, பால் விட்டா பிரட்டலா இருக்காதே?

பாலுக்குப் பதில் கஜு. பதினைந்து கஜுவைச் சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, கால் கப் தண்ணீரோடு வெண்ணெய் போல அரைத்துப் பிரட்டுங்கள். கொழுப்பும் மெல்லிய இனிப்பும் சேர்ந்தே வரும், சட்டியும் ஈரமாகாது. கஜு இல்லையென்றால் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வறுத்து அரைத்துச் சேர்க்கலாம். பொரித்த கிழங்குத் துண்டும், பெரிதாக வெட்டி வதக்கிய கறிமிளகாயும் அளவைக் கூட்டும். கறிமிளகாயில் உறைப்பான காயும் ஒன்றிரண்டு வரும், கடித்துப் பார்த்துப் போடுங்கள்.

பருப்பு, சொதி உறைச்சா?

இவை சுகமானவை. பச்சைமிளகாயைப் பொறுக்கிவிட்டு, பருப்பென்றால் அரைக் கப் மைசூர்ப் பருப்பை வெறுமனே அவித்துச் சேருங்கள். சொதிக்கு இன்னொரு கப் பாலும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போதும்.

ரசம் உறைக்குது, ஆனா நான் மிளகாயே போடேல்லையே?

அது மிளகின் உறைப்பு. மிளகில் இருப்பது பைப்பரின் என்ற வேறு பொருள், ஆனால் வாயில் அதே எரிவுணர்வைத்தான் தூண்டும். போர்த்துக்கேயர் மிளகாயைக் கொண்டுவர முன்னர் நமது கறிகளுக்கு உறைப்புத் தந்தது இதுதான். ரசத்துக்குப் பால் பொருந்தாது. பருப்பு அவித்த தண்ணீர் ஒரு கப், மசித்த தக்காளி ஒன்று, அரைத் தேக்கரண்டி சீனி சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கி, துணியில் வடித்துவிடுங்கள். அடியில் தங்கும் மிளகுப் பொடி இன்னும் உறைப்பை விடாமல் இருக்க வடிப்பது அவசியம்.

சம்பல் உறைச்சா என்ன செய்யிறது? அதில பால் விட ஏலாதே.

தேங்காய்ச் சம்பல் என்றால் இன்னும் அரை மூடித் தேங்காய் துருவிச் சேர்த்துக் கையால் பிசையுங்கள். மறுபடி இடிக்க வேண்டாம், மிளகாய் இன்னும் அரைபட்டு உறைப்புக் கூடும். தேங்காய் இல்லையா? ஒரு கப் சம்பலை இரண்டு கப் கோதுமை மாவோடு குழைத்து ரொட்டி சுடுங்கள். அந்த ரொட்டிக்கு வேறு கறியே தேவையில்லை.

கட்டசம்பலைச் சீனிச் சம்பலாக்கிவிடலாம். அரைக் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லிதாக வெட்டி, நாலு மேசைக்கரண்டி எண்ணெயில் அரை மணி நேரம் மெதுவாக வதக்கி, கட்டசம்பலில் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி பழப்புளிக் கரைசல், இரண்டு மேசைக்கரண்டி சீனி சேர்த்துப் பிசுபிசுப்பாக வரும் வரை கிண்டுங்கள்.

கொத்து ரொட்டியும் புரியாணியும்?

கொத்துக்கு இன்னும் இரண்டு ரொட்டி, இரண்டு முட்டை, ஒரு கப் கோவாவும் லீக்ஸும். மேலே குழம்பு ஊற்றாதீர்கள். புரியாணியில் உறைப்பு மசாலாவில்தான் இருக்கும், ஆகவே சோற்றைக் கிளறாமல் அடி மசாலாவில் மூன்றில் ஒன்றை அள்ளி எடுத்து, நெய் விட்டு வடித்த வெள்ளைச் சோறு இரண்டு கப்பை மேலே பரப்பிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள்.

சுடச்சுட நெருப்பா உறைச்ச கறி ஆறின பிறகு பரவாயில்லை. ஏன்?

வாயில் கப்சைசினை உணரும் அதே வாங்கிதான் (நரம்பு நுனியில் உணர்வை ஏற்கும் புரதம்) 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்கிறது. அதனால்தான் உறைப்பு "எரிகிறது". அந்த வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021 இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. சூடும் உறைப்பும் ஒன்றாக வந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும்.

நமக்கு இதில் பயன் உண்டு: உறைத்த கறியை இளஞ்சூட்டில் பரிமாறுங்கள், பாதி முறைப்பாடு வராது. ஆனால் ஆறிய கறியை ருசித்துவிட்டுச் சரியென்று தீர்மானித்து, பிறகு கொதிக்கக் கொதிக்கப் பரிமாறினால் ஏமாறுவீர்கள். பரிமாறப்போகும் சூட்டிலேயே ருசி பாருங்கள்.

மிளகாய் விதையை எடுத்துப்போட்டுத்தான் சமைச்சன். அப்பவும் ஏன் உறைக்குது?

உறைப்பின் பெரும்பங்கு விதையில் இல்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில். விதையை மட்டும் தட்டிவிட்டுச் சவ்வை விட்டால் பயன் குறைவு. காயை நீளமாகக் கீறி, கரண்டி நுனியால் சவ்வோடு வழித்தெடுங்கள்.

சின்னவனுக்குக் குடுக்கக் கோழித் துண்டைச் சுடுதண்ணியில கழுவினாப் போதுமா?

மேலே ஒட்டிய குழம்பு போகும், உள்ளே ஊறியது போகாது. கழுவிய துண்டை எலும்பு நீக்கிப் பிய்த்து, அரைக் கப் பாலில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தப் பாலை வடித்துவிட்டுச் சோற்றோடும் பருப்போடும் பிசையுங்கள். முதலில் நீங்களே ருசித்துப் பார்த்த பிறகு கொடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த முறையே வேண்டாம், தனியாகச் சமையுங்கள்.

விருந்தாக்கள் படியேறி வந்திட்டினம். பத்து நிமிசம்தான் இருக்கு!

எண்ணெயை அள்ளுங்கள், அரைக் கப் முதற்பாலை விடுங்கள், கறியை அதோடு விட்டுவிடுங்கள். மிச்ச நேரத்தைப் பக்கத்தில் வைக்கும் சாப்பாட்டுக்குக் கொடுங்கள்: வெள்ளரிக்காயும் வெங்காயமும் வெட்டிப் போட்ட தயிர்ப் பச்சடி, மிளகாய் போடாத சொதி, பொரித்த அப்பளம். சம்பலையும் ஊறுகாயையும் மேசைக்கே கொண்டுவர வேண்டாம். சோற்றைக் கூடவும் கறியைக் குறையவும் பரிமாறுங்கள்.

வாய் எரியுது, கையும் எரியுது. தண்ணி குடிச்சும் கழுவியும் போகேல்லையே?

தண்ணீரில் கரையாத பொருள் என்று முதல் பதிலில் சொன்னோம். தண்ணீர் அதைக் கழுவாமல் வாய் முழுக்கப் பரப்பும். குளிர்ந்த பாலையோ தயிரையோ வாயில் அரை நிமிடம் வைத்து விழுங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வாய் வெறும் சோறு, பாண், அல்லது ஒரு தேக்கரண்டி சீனி.

கைக்குத் தேங்காயெண்ணெய் பூசி ஒரு நிமிடம் தேய்த்து, கடதாசியால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் எண்ணெயும் வேண்டாம், பாலும் வேண்டாம்: கசக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அதற்குப் பிறகும் எரிவோ பார்வை மங்கலோ இருந்தால் வைத்தியரிடம் போங்கள்.

எல்லாம் செய்து பார்த்தாச்சு, சாப்பிட ஏலாது. கொட்டுறதா?

வேண்டாம். பால் விடாத கறியென்றால் அதைத் தூளுக்குப் பதிலான கூட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியைப் பிய்த்து, இரண்டு மடங்கு மசித்த கிழங்கோடு கலந்து ரோல்ஸுக்கோ பற்றிஸுக்கோ உள்ளீடாக்கலாம். குழம்பை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். அடுத்த முறை கிழங்கு, சோயா மீட், பருப்பு எது வைத்தாலும் தூள் போடாமல் இரண்டு கட்டியைப் போட்டு, ருசி பார்த்து மூன்றாவதைத் தீர்மானியுங்கள்.

பால் விட்ட கறி கொழும்புச் சூட்டில் நிற்காது. இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, அடுத்த நாளே சாப்பிட்டு முடியுங்கள். மறுபடி சூடாக்கும்போது வற்றும், ஆகவே கால் கப் பாலோ தண்ணீரோ விட்டே சூடாக்குங்கள்.